ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விலை!

கோவையில் சிறிய இயந்திரப் பட்டறை நடத்தும் என் தம்பி மகன், சில மாதங்களுக்கு முன் ஒரு வரைபடத்தை என்னிடம் காட்டினான். பொறியியல் படிப்பை அண்மையில் முடித்த இளைஞர் ஒருவர் கணினியில் வரைந்து அனுப்பியது அது. நடுவில் பேரிங் அமர ஒரு துளை, சுற்றிலும் நான்கு போல்ட் துளைகள் கொண்ட எளிய இரும்புப் பாகம்தான். ஆனால், எந்த அளவும் 0.01 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்ற நிபந்தனை படம் முழுமைக்கும் விதிக்கப்பட்டிருந்தது. "இதை இப்படியே செய்தால் செலவு பல மடங்காகும் பெரியப்பா. பேரிங் துளையைத் தவிர வேறெங்கும் இவ்வளவு துல்லியம் தேவையில்லை" என்றான்.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு அந்த வாக்கியம் பழகிய பாடமாகவே ஒலித்தது. கூடுதலாகப் பெறும் ஒவ்வோர் அலகுக்கும் கூடுதல் செலவு உண்டு. அதன் பயன் அச்செலவை ஈடுசெய்கிறதா என்பதே கேள்வி. ஓய்வுக்காலம் தந்த நேரத்தில், 'ஃப்ரீகேட்' என்ற கட்டணமற்ற வடிவமைப்பு மென்பொருளைக் கணினியில் நிறுவி, அவனிடமே மாணவனானேன்.

இத்தகைய மென்பொருளின் வேர் 1963-க்குச் செல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்', இரு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால் அந்த உறவைத் தானே காத்தது. 1982-இல் வந்த 'ஆட்டோகேட்' வரைபலகையைத் தனிநபர் கணினிக்குக் கொண்டுவந்தது. 1980-களின் இறுதியில் வந்த 'புரோ-என்ஜினீயர்', அளவை மாற்றினால் வடிவமும் மாறும் முறையைத் தொழில்துறையில் நிலைநிறுத்தியது. ஆக, இன்று திரையில் நாம் காண்பது வெறும் படமன்று. அளவுகளுக்கிடையிலான உறவுகளின் வலைப்பின்னல்.

இதை உணர்ந்தால் முதல் உத்தி தானே விளங்கும். கோடுகளை வரைந்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றின் நீளமும் இடமும் ஐயமின்றி வரையறுக்கப்பட வேண்டும். அவ்வாறு முழுமை பெற்ற வரைவை 'ஃப்ரீகேட்' பச்சை நிறத்திலும், 'சாலிட்வொர்க்ஸ்' கருப்பு நிறத்திலும் காட்டும். நிறம் மாறும் முன் அடுத்த படிக்குச் செல்பவர், பின்னர் ஓர் அளவை மாற்றும்போது படம் முழுவதும் கோணிப்போவதைக் காண்பார்.

இரண்டாவது, ஒன்றைச் சார்ந்த அளவை எண்ணாக எழுதாமல் உறவாக எழுதுதல். துளை எப்போதும் தகட்டின் நடுவில் இருக்க வேண்டுமெனில், '50 மி.மீ.' என்று எழுதுவதைவிட 'அகலத்தில் பாதி' என்று எழுதுவதே அறிவுடைமை. முக்கிய அளவுகளுக்குப் பெயரிட்டு ஓர் அட்டவணையில் வைத்தால், வேறொருவரும் அந்த வடிவமைப்பின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள முடியும். விளிம்புகளை வளைக்கும் வேலையை இறுதிக்கு ஒதுக்குவதும் நன்று. வளைத்த விளிம்பைச் சார்ந்து வரைந்தவை சிறு மாற்றத்திலும் குலைந்துவிடக்கூடும்.

மூன்றாவது, திரையில் இயல்வதெல்லாம் பட்டறையில் இயலும் என்று எண்ணாதிருத்தல். சுழன்று வெட்டும் மில்லிங் கட்டர் உருண்டையானது, 10 மி.மீ. விட்டமுள்ள கட்டரால் உள்மூலையில் 5 மி.மீ.க்குக் குறைந்த ஆரத்தை உருவாக்க இயலாது. கூர்மையான உள்மூலையை ஒரு சொடுக்கில் வரைந்துவிடலாம். அதைச் செய்துமுடிக்க வேறு இயந்திரமும் கூடுதல் நேரமும் தேவைப்படும். அதேபோல, கடையில் கிடைக்கும் துளைக்கருவியின் அளவிலேயே துளையை அமைத்தால் செலவு குறையும்.

நான்காவது, கோப்புப் பரிமாற்றத்தில் விழிப்பு. ஏர்பஸ் ஏ380 விமானத் தயாரிப்பில், ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் பிரான்ஸின் துலூஸிலும் இருந்த குழுக்கள் 'கேட்டியா' மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தின. மின்கம்பித் தொகுதிகள் விமானத்தில் சரியாகப் பொருந்தவில்லை. ஒப்படைப்பு பெரிதும் தாமதமாகி, முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் வாடிக்கையாளரைச் சென்றடைந்தது. நிறுவனத்துக்குப் பேரிழப்பு நேர்ந்தது. சிறு பட்டறைக்கும் இதுவே பாடம்: வேலையைத் தொடங்கும் முன்பே பதிப்பையும், 'ஸ்டெப்' போன்ற பொதுக் கோப்பு வடிவத்தையும் இரு தரப்பும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பேரிழப்பைத் தாங்கப் பெருநிறுவனத்துக்கு வலுவுண்டு. நான்கைந்து இயந்திரங்களோடு ஜாப் ஆர்டரை நம்பி வாழும் பட்டறைக்கு அது இல்லை. தேவையற்ற துல்லியத்தைக் கேட்கும் வரைபடம் வந்தால், விலையைக் கூட்டிச்சொல்லி ஆர்டரை இழக்க நேரிடும். அல்லது பழைய விலைக்கே ஒப்புக்கொண்டு, நிராகரிக்கப்பட்ட பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட நேரிடும். வரைந்தவரின் கவனக்குறைவுக்கு உழைப்பவர் விலை கொடுக்கிறார்.

அந்த இளைஞரைப் பட்டறைக்கே அழைத்து, ஒரு நாள் முழுவதும் இயந்திரத்தின் அருகில் நிற்கவைத்தான் என் தம்பி மகன். மறுநாள் வந்த திருத்திய வரைபடத்தில், பேரிங் துளைக்கு மட்டுமே கடுமையான வரம்பு இருந்தது; மற்ற அளவுகள் இயல்பான வரம்புக்குத் தளர்ந்திருந்தன. பாகம் வழக்கமான செலவில் முடிந்தது.

அந்த இளைஞருக்கு மென்பொருளின் கட்டளைகள் அனைத்தும் ஏற்கெனவே தெரிந்திருந்தன. அவருக்குக் கிடைக்காதிருந்தது அந்த ஒரு நாள் மட்டுமே. வடிவமைப்பு கற்பிக்கும் கல்லூரிகள், தான் வரைந்த ஒரு பாகத்தையாவது மாணவர் தம் கையால் செய்து, அதன் செலவையும் கணக்கிட்ட பின்னரே மதிப்பெண் வழங்கட்டும். திரையில் கோடு போடச் செலவில்லை, இரும்பில் உண்டு.