கடல் கடந்தவரும் ஊர்க் கணக்கும்

பொருள்வயிற் பிரிவு பாலைத் திணைக்கு உரியது என்று மாணவருக்குக் கற்பிக்கிறோம். எங்கள் பாண்டிருப்பிலும் அயலிலுள்ள கல்முனையிலும் அஃது ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. கட்டாருக்கோ சவூதிக்கோ ஆளனுப்பாத தெருவைக் காண்பது அரிது. சென்றவரின் தேட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பலர்; அவர் ஊரில் விட்டுச் சென்ற வங்கிக் கணக்கைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே.

தலைவன் வரும்வரை தலைவி காத்திருப்பாள்; சட்டம் அவ்வாறு காத்திராது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின்கீழ், 10 ஆண்டுகள் கொடுக்கல் வாங்கலின்றிக் கிடக்கும் வைப்பு ‘கைவிடப்பட்ட ஆதனம்’ எனக் கருதப்பட்டு, இலங்கை மத்திய வங்கிக்கு மாற்றப்படும். வங்கியின் அறிவித்தலோ, அது அறிந்த பழைய முகவரிக்கே செல்லும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கியபோது, எத்தனையோ வீடுகளோடு அவற்றின் முகவரிகளும் அழிந்தன. உரியவர் பின்னர் வங்கியூடாகப் பணத்தைக் கோரலாம். ஆயினும், கணக்கு இருப்பதையே அறியாத மனைவி மக்கள் எதனைக் கோருவர்?

இணையவழிச் சேவைக்குரிய மறைகுறி பெரும்பாலும் உள்ளூர்த் தொலைபேசி எண்ணுக்கே வருகிறது. அவ்வெண் செயலிழந்தால் அந்த வழியும் அடைபடும். பாவியாத கடனட்டைக்கும் ஆண்டுக் கட்டணமும் அதன்மேல் வட்டியும் ஏறக்கூடும்.

ஆதலால், புறப்படுமுன் முகவரியையும் எண்ணையும் புதுப்பித்து, பின்னுரித்தாளியை நியமித்து, ஆண்டுக்கொரு முறையேனும் கணக்கிற் சிறு தொகை இடுதல் நன்று. கணக்கின் விபரத்தை இல்லத்தாரிடம் சொல்லிச் செல்லுதல் அதனினும் நன்று. பாலைத் திணையைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் இதனையும் மாணவருக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.