பாட்டி முடைந்த கூடை
குளுவாங் தோட்டத்தில் தானே முடைந்த மூங்கில் கூடையைச் சும்மாடு வைத்துச் சுமந்தவர் என் பாட்டி. "சிவபெருமானே பிட்டுக்கு மண் சுமந்தார், நமக்கென்ன வெட்கம்?" என்பார். மதுரையில் வைகைக் கரையை அடைக்க, வந்திக் கிழவிக்காக இறைவன் கூடை தூக்கிய கதை அது.

நம் ஜொகூரிலேயே, எண்டாவ் ரொம்பின் காட்டை ஒட்டிய கம்போங் பெத்தாவில் வாழும் ஜக்கூன் பூர்வக்குடியினருக்கு 'அம்போங்' உண்டு. பிரம்பில் பின்னிய முதுகுக்கூடை. கைகள் இரண்டும் வேலைக்கு ஓய்வாக இருக்கும். நேப்பாள மலைமக்களோ மூங்கில் 'டோக்கோ'வின் வாரை நெற்றியில் மாட்டிச் சுமக்கிறார்கள்.

பாட்டியின் கூடை நைந்தபோது பிளாஸ்டிக் கூடை வாங்கினோம். முடையும் விதத்தைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கப் பாட்டி இல்லை. உங்கள் வீட்டில் முடையத் தெரிந்த பெரியவர் இருந்தால், இன்றே பக்கத்தில் உட்காருங்கள்.