கடலுக்குள் ஒரு காஞ்சொறி!

"சொறி சிரங்கா? பிள்ளையைக் கொண்டுபோய்க் கடல்ல ஒரு முக்கு முக்கி எடு. உப்புத்தண்ணி பட்டா ஆறிப் போயிடும்" என்று எங்கள் பாட்டி சொல்வார். அந்தக் கடலே சொறியைக் கொடுத்தனுப்பினால் என்ன செய்வது?

நம் வீட்டுப் பெண்கள் இப்போது முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஸ்கூபா டைவிங் போகிறார்கள். எனக்குப் பெருமைதான்! என் அண்ணன் மகளும் அந்தமானில் ஸ்வராஜ் தீவுக்குப் (2018 வரை ஹேவ்லாக் என்று பெயர்) போய்வந்தாள். ஊர் திரும்பியதும் முழங்கையை நீட்டினாள்.

"அத்தை, இங்க பாருங்களேன்!"

மணிக்கட்டிலிருந்து சூடு போட்டாற்போல் சிவப்புக் கோடுகள், நடுநடுவே பொரிப்பொரியாகத் தடிப்பு.

"மீன் ஏதாவது கடிச்சுதாடி?"

"ஒண்ணும் கடிக்கல. இறங்கும்போது நங்கூரக் கயித்தைப் பிடிச்சேன். அவ்வளவுதான்!"

விஷயமே அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. நெடுநாள் நீரில் கிடக்கும் கயிறு, படகுத்துறைத் தூண் இவற்றின் மேல் பறவை இறகைப் போலவோ பெரணிச் செடியைப் போலவோ மெல்லிய கொத்துகள் வளரும். பார்த்தால் பாசி. உண்மையில் அது ஹைட்ராய்டு என்ற உயிரினம். ஜெல்லி மீன், கடல் சாமந்தி, பவளம் எல்லாம் இதற்குப் பங்காளிகள். 'நெருப்புப் பவளம்' என்று ஒன்று உண்டு. கடுகு மஞ்சள் நிறம், நுனி வெளுத்திருக்கும். பெயர்தான் பவளம், குணம் ஹைட்ராய்டுதான். ஜெல்லி மீனை நம் மீனவர்கள் 'சொறி' என்றே அழைக்கிறார்கள். பட்டவர்கள் வைத்த பெயர், பொருந்தாமல் போகுமா?

இவற்றின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டிவைத்த ஒரு விஷ ஊசி. உரசினால் போதும், வெடித்துப் பாயும். ஹைட்ரா என்ற சிற்றுயிரில் அளந்து பார்த்தபோது, ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஊசி வெளிப்பட்டதாம். நாம் கையை இழுத்துக்கொள்ள அவகாசமே இல்லை.

சரி, பட்டுவிட்டது. என்ன செய்வது? எங்கள் பெண்ணுக்குத் தங்கிய இடத்தில் பாட்டில் குடிநீரை ஊற்றித் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டார்களாம். நல்லெண்ணம்தான். ஆனால் தோலில் வெடிக்காமல் ஒட்டியிருக்கும் பைகள் நல்ல தண்ணீர் பட்டாலும் தேய்த்தாலும் வெடிக்கும். கடல் நீராலேயே கழுவ வேண்டும். ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். மணலால் தேய்ப்பது, சிறுநீர் விடுவது இரண்டும் வேண்டாம். ஹைட்ராய்டு, நெருப்புப் பவளம் என்றால் நம் சமையலறை வினிகரே கைகொடுக்கும். பெட்டி ஜெல்லி மீன் என்ற பொல்லாத இனத்துக்கு அரை நிமிடமாவது வினிகரை ஊற்றிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதன் விஷம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. நீலக் குமிழாக மிதந்துவரும் 'போர்த்துகீசிய போர்க்கப்பல்' வகைக்கு மட்டும் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வினிகரைச் சிபாரிசு செய்வதில்லை. சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் வலி அடங்கும் என்கிறார்கள். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. பக்கத்தில் இருப்பவர் தன் கையை விட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

மூன்றே நாளில் எங்கள் பெண்ணுக்குத் தடிப்பு அமுங்கிவிட்டது. பத்தாம் நாள் அதே கோட்டில் மறுபடி அரிப்பு!

"இரண்டாவது தடவை வருவது விஷத்தால் இல்லை. உங்கள் உடம்பு அந்த விஷத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறது" என்றார் தோல் டாக்டரம்மா. பூசுவதற்கு ஸ்டீராய்டு களிம்பும், அரிப்புக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

உடம்பின் இந்த ஞாபகத்துக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1901-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரிஷேயும் போர்த்தியேயும் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போய், அந்தப் 'போர்க்கப்பல்' விஷத்தை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பிக் கடல் சாமந்தி விஷத்தை நாய்களுக்குச் செலுத்தினார்கள். முதல் ஊசியில் பிழைத்த நாய், சில வாரம் கழித்து மறுபடி செலுத்தியதும் அரைமணிக்குள் செத்துப்போயிற்று. ஆபத்தான ஒவ்வாமைக்கு 'அனபிலாக்சிஸ்' என்ற பெயர் அப்போதுதான் பிறந்தது. 1913-ல் ரிஷேக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆகவே தடிப்போடு உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ களிம்பைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அவசர சிகிச்சைதான்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் காற்று உருளை இல்லாமலே மூச்சடக்கி முங்குகிறார்கள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, விரலெல்லாம் துணிச்சுற்று. படித்துத் தெரிந்துகொண்டதல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது. டைவிங் போகிறவர்களும் கணுக்கால் வரை மூடும் உடையையே கேட்டு வாங்கலாம். கையுறை போட்டால் பவளத்தைத் தொடும் துணிச்சல் வரும் என்று பல இடங்களில் அதை அனுமதிப்பதில்லை. பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. எனவே கையை மார்போடு கட்டிக்கொண்டு நீந்துவதே உத்தமம்.

இறங்குவதற்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால் ஒளிக்காமல் எழுத வேண்டும். "எழுதினா இறக்க மாட்டாங்களோ" என்கிறாள் எங்கள் பெண். டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டு எழுது என்று சொல்லியிருக்கிறேன்.