மிதிவண்டிக் கிராங்கு அச்சு

மிதிவண்டிக் கிராங்கு அச்சு என்பது மிதிவண்டியின் இரு கிராங்குகளையும் இணைத்து, அவை சட்டகத்தில் தடையின்றிச் சுழல உதவும் உறுப்பு ஆகும். அச்சு, தாங்கிகள், கிண்ணங்கள் ஆகியவை சேர்ந்த தொகுதி பாட்டம் பிராக்கெட் எனப்படுகிறது. இடக்காலின் விசை இவ்வச்சின் வழியாகவே வலப்புறமுள்ள பற்சக்கரத்தை அடைகிறது. எனவே அச்சு எளிதில் முறுகாததாக இருத்தல் வேண்டும்.

அடிப்படைச் சிக்கல்

தொகுதி பொருந்தும் சட்டகக் குழலின் அளவு வரையறுக்கப்பட்டது. பரவலான ஆங்கிலேய அளவில் மரையின் விட்டம் 1.37 அங்குலம் ஆகும். அச்சும் அதைச் சுற்றியுள்ள எஃகுக் குண்டுகளும் இதற்குள் அடங்க வேண்டும். அச்சைப் பருமனாக்கினால் குண்டுகள் சிறியனவாகி விரைவில் தேயும். பல்வேறு வடிவமைப்புகளும் இச்சிக்கலுக்கான தீர்வுகளே எனலாம்.

வகைகள்

ஆப்பாணிக் கிராங்கு: காட்டர் பின் எனப்படும் ஆப்பாணி, எஃகுக் கிராங்கை அச்சுடன் இறுக்குகிறது. இந்தியாவின் கருநிற மிதிவண்டிகளில் இதனைக் காணலாம். விலை குறைவு, சுத்தியலும் திருகு சாவியும் கொண்டு பழுது நீக்கலாம். எடை மிகுதி என்பதும், ஆப்பாணி தேய்ந்தால் கிராங்கு ஆடும் என்பதும் குறைகள்.

சதுரமுனை அச்சு: பிரான்சின் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் 1933இல் இதனை அலுமினியக் கிராங்குகளுடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அச்சு மெல்லியது, ஆதலால் பெரிய குண்டுகளுக்கு இடமுண்டு. மூடிய தாங்கிகளுடன் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கிராங்கு தளர்ந்த நிலையில் ஓட்டினால் அலுமினியத் துளை சிதைந்து, கிராங்கையே மாற்ற நேரிடும்.

பல்வரி அச்சு: 1990களில் ஷிமானோவின் ஆக்டாலிங்க் போன்றவை பருமனான உட்குழிவு அச்சைக் கொண்டுவந்தன. உறுதி கூடியது, எனினும் குண்டுகள் சிறுத்ததால் தாங்கியின் ஆயுள் குறைந்தது.

வெளித்தாங்கி: தாங்கிகளைக் குழலுக்கு வெளியே வைத்து இக்குறை களையப்பட்டது. 2003இல் வந்த ஷிமானோவின் ஹாலோடெக் 2 இவ்வகையானது. இதன் 24 மில்லிமீட்டர் அச்சு வலக் கிராங்குடன் நிலையாக இணைந்துள்ளது. கழற்றுதல் எளிது. குழலின் இரு விளிம்புகளும் இணையாகச் செதுக்கப்படாவிடில் தாங்கி விரைவில் பழுதாகும்.

அழுத்திப் பொருத்தும் வகை: கேனன்டேல் நிறுவனம் 2000இல் அறிமுகப்படுத்திய பிபி30 அமைப்பில் மரை இல்லை. தாங்கிகள் 42 மில்லிமீட்டர் குழலில் அழுத்திப் பொருத்தப்படுகின்றன. 30 மில்லிமீட்டர் அச்சு எடை குறைந்தது, உறுதியானது. குழலின் அளவு சிறிது பிசகினாலும் கிறீச்சொலி எழும். இதனால் 2015இல் டி47 என்னும் அகன்ற மரைக்குழல் உருவாக்கப்பட்டது.

மரையின் திசை

ஆங்கிலேய அளவில் வலக் கிண்ணத்திற்கு இடமரை இடப்படுகிறது. அச்சு சுழலும்போது கிண்ணம் அதற்கு எதிர்த்திசையில் மெல்ல நகர முற்படும். இடமரையில் அந்நகர்வு கிண்ணத்தை இறுக்குகிறது. இத்தாலிய அளவில் இருபுறமும் வலமரையே உள்ளதால், வலக் கிண்ணத்தை மிக இறுக்கமாகப் பொருத்த வேண்டும்.

தேர்வு

பந்தய வண்டிக்கு உறுதியும் குறைந்த எடையும் முதன்மையானவை. அன்றாடப் பயணத்திற்கும் நெடும்பயணத்திற்கும் நீண்ட ஆயுளும் எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகமுமே முதன்மையானவை. ஆகவே சதுரமுனை அச்சு இவற்றுக்கு ஏற்றதாகும்.