திப்பிலி வளையமும் உப்பனாறும்

பென்சால்டிஹைடு பாட்டிலைத் திறந்தால் பாதாம் வாசனை வரும். அதில் இரண்டு பங்கு, எத்தில் மெத்தில் கீட்டோன் ஒரு பங்கு, அம்மோனியம் அசிடேட் ஒரு பங்கு என்று எத்தனாலில் போட்டு இளஞ்சூடு காட்ட வேண்டும். கரைசல் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியதும் இறக்கி ஆறவைத்து, ஈதரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் பிப்பெரிடோன் என்ற பொருள் உப்பாகப் படியும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பிஎச்.டி. செய்த பலருக்கு இந்தச் சமையல் மனப்பாடம்.

நோலர் என்ற அமெரிக்கப் பேராசிரியருடன் சேர்ந்து 1948-இல் இதை வெளியிட்டவர் வி. பாலையா. அண்ணாமலை நகரில் அவர் ஊன்றிய விதை தலைமுறை தாண்டிக் காய்த்தது. இதில் உருவாகும் பிப்பெரிடின் வளையம் நமக்கு அந்நியமும் அல்ல. மிளகுக்குக் காரம் தரும் பிப்பெரினில் இருப்பதுதான். பெயரின் வேரே பிப்பலி, நம்மூர் திப்பிலி. பேதியை நிறுத்தும் லோபெரமைடிலும் மறதி நோய்க்கான டோனெபெசிலிலும் இதே வளையம் உண்டு.

மூலக்கூறின் ஓர் இடத்தில் ஒருமுறை குளோரின், மறுமுறை மெத்தாக்ஸி என்று மாற்றி மாற்றிச் செய்து, என்.எம்.ஆர். நிறமாலை எடுத்து, பாக்டீரியா தட்டில் எத்தனை மில்லிமீட்டர் தெளிந்தது என்று அளந்தால் ஒரு ‘சீரிஸ்’ முடிந்தது. கைடும் கையெழுத்துப் போடுவார். சில நூறு மில்லிகிராம் பொருளைச் சுத்தப்படுத்த எத்தனை லிட்டர் ஹெக்சேன் ஓடியது? ஆய்வேட்டில் உருகுநிலை இருக்கும், விளைச்சல் சதவீதம் இருக்கும். இந்தக் கணக்கைத் தேடினாலும் கிடைப்பது அபூர்வம்.

இந்தக் கேள்வி வீண் வம்பு என்று தோன்றினால் சிதம்பரத்திலிருந்து வடக்கே போய்ப் பார்க்கலாம். கடலூர் குடிகாடு, ஈச்சங்காடு பக்கம், உப்பனாற்றங்கரையில் ரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கின்றன; மருந்து மூலப்பொருளும் அங்கே தயாராகிறது. காற்றில் வரும் நாற்றத்தை அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோசு என்று இனம் பிரித்துச் சொல்ல ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். 2004 வாக்கில் அவர்களே ஒரு வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பட்டம் பெற்ற வேதியியலாளர் யாரும் செய்திருக்கலாம், செய்தது கிராமத்தார்.

ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்ற கணக்கை ‘ஈ ஃபேக்டர்’ என்று 1992-இல் அறிமுகப்படுத்தினார் ராஜர் ஷெல்டன். மருந்துத் துறைக்கு அவர் போட்ட எண் 25-லிருந்து 100 வரை, அதற்கு மேலும். ஒரு கிலோ மாத்திரை மருந்து, 100 கிலோ குப்பை!

என்சைம் நுழைவது இங்கேதான். அமாக்ஸிசிலினுக்கு வேண்டிய கருப்பொருளைப் பென்சிலினிலிருந்து வெட்டியெடுக்க, முன்பு மைனஸ் 40 டிகிரிக் குளிரும் டைகுளோரோமீத்தேனும் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடும் வேண்டியிருந்தது. இன்று ஒரு என்சைம் அதே வேலையை வெறும் தண்ணீரில், ஏறக்குறைய உடம்புச் சூட்டில் முடிக்கிறது. சர்க்கரை நோய்க்கான சிட்டாகிளிப்டினிலும் இதே கதை. 27 இடங்களில் திருத்திய என்சைம், ரோடியம் உலோகத்தையும் உயர் அழுத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பியது. கழிவு 19 சதவீதம் குறைந்தது என்று 2010-இல் எழுதினார்கள். என்சைமை இப்படிப் படிப்படியாகத் திருத்தும் கலைக்குத்தான் 2018-இல் பிரான்சஸ் அர்னால்டுக்கு நோபல் கிடைத்தது.

என்சைமைத் தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. பிச்சாவரம் அலையாத்திச் சேற்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் நீண்ட காலமாக ஆராய்கிறது. ரத்தப் புற்றுக்குத் தரும் எல்-அஸ்பராஜினேஸ் இத்தகைய தேடலில் சிக்கும் என்சைம்களில் ஒன்று. வெள்ளாற்று முகத்துவாரத்தில் என்சைம், அண்ணாமலை நகரில் பிப்பெரிடோன், நடுவே ஒரு பஸ் பயணம். இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் கோத்தவர்கள் குறைவு.

என்சைம் விலை அதிகம், எல்லா வினைக்கும் கிடைக்காது என்பார்கள் ஆலைக்காரர்கள். உண்மைதான். ஆனால் கழிவைக் கணக்கெழுத என்சைம் வேண்டியதில்லை.

பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுகளில் ஆர்வமுள்ளவர்கள் போய் உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அடுத்த முறை மருந்து வேதியியல் வைவா நடந்தால் பின் வரிசையிலிருந்து கேளுங்கள்: “தம்பி, இந்த 20 காம்பவுண்டுக்கும் கழிவு எத்தனை லிட்டர்? எங்கே ஊற்றினீர்கள்?”