பாட்டி ஏறி வந்த கப்பலை வரைகிறோம்

பல்கலைக்கழகத் தோழர்கள் மூவர் சேர்ந்து ஓர் அனிமேஷன் குறும்படம் எடுக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை படத்தில் ஒரு விநாடிகூட அசையவில்லை. “இன்னுமா முடியல?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அனிமேஷன் என்றால் கணினி முன் உட்கார்ந்து உருவங்களை ஓடவிடுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பின்னால் வரும் வேலை. படம் தேறுமா, தேறாதா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, நோட்டுப் புத்தகத்திலும் பென்சில் கோட்டிலும் முடிவாகிவிடுகிறது. அந்தத் தொடக்கக் கட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கதை சின்னது. 1952-ஆம் ஆண்டு. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாயுடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்குகிறாள். பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பாவிடம் போய்ச் சேர்கிறாள். அந்தச் சிறுமி என் பாட்டி. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்.

கேமரா போகாத இடம்

நம்மில் பலருடைய குடும்பக் கதை ஒரு கப்பலில்தான் தொடங்குகிறது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வந்துபோன கப்பல்களில் அதிகம் பேசப்படுவது ‘ரஜூலா’. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை இந்தக் கடலில் ஓடியது. அதன் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் தீவிபத்துக்குள்ளானது. அத்துடன் தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது.

பாட்டி வந்தது ரஜூலாவிலா, வேறு கப்பலிலா என்று அவருக்கு நினைவில்லை. “பெரிய கப்பல்” என்று மட்டும் சொல்கிறார். கப்பல்களின் புகைப்படங்கள் தேடினால் கிடைக்கின்றன. ஆனால் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு சிறுமி எதைப் பார்த்தாள், எதைக் கேட்டாள் என்பதற்கு எந்தப் புகைப்படமும் இல்லை. கேமரா போகாத இடத்திற்குப் பென்சில் போகும். நாங்கள் அனிமேஷனைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

இது புதிய எண்ணமன்று. 1915 மே 7-இல் ‘லூசிட்டானியா’ என்ற பயணிகள் கப்பல் அயர்லாந்து அருகே தாக்கப்பட்டு மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். மூழ்கிய காட்சியை யாரும் படம்பிடிக்கவில்லை. அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே அதைத் தன் சொந்தப் பணத்தில் வரைந்து படமாக்கினார். 12 நிமிடப் படத்திற்கு ஏறத்தாழ 25,000 ஓவியங்கள், இரண்டாண்டு உழைப்பு. 1918-இல் வெளிவந்த அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே, மெக்கே வரைவதற்கு முன் கப்பல் மூழ்கிய விவரங்களைக் கேட்டறியும் காட்சி வருகிறது. எங்களுக்குப் பாடமாக அமைந்தது அந்தக் காட்சிதான். முதலில் கேட்க வேண்டும். பிறகுதான் வரைய வேண்டும்.

முதல் மூன்று மாதம் கேட்டோம்

பாட்டியிடம் ஐந்து முறை கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தோம். “பயணம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு” என்பதோடு நின்றுவிடுவார். “எங்கே படுத்தீங்க? பக்கத்துல யாரு? என்ன வாசனை?” என்று கேட்டபோதுதான் கதை வந்தது. பலகைக்குக் கீழே இரவெல்லாம் இயந்திரம் உறுமிய சத்தம். வாந்திக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய். மறைப்புக்காகக் கயிற்றில் கட்டிய அம்மாவின் சேலை. புறப்பட்ட நாளைப் பற்றி அவர் சொன்னது: “கப்பல் எங்கம்மா நகர்ந்துச்சு? கரைதான் பின்னாடி போச்சு.”

அந்த ஒரு வாக்கியமே எங்கள் முதல் காட்சியாகிவிட்டது. கப்பல் அசையாது. கரை பின்னோக்கிப் போகும்.

இடத்தையும் கேட்க வேண்டியிருந்தது. பின்னணி ஓவியங்கள் வரையும் என் சீனத் தோழி வெல்ட் கீ பகுதியில் மரத்தூண்கள்மேல் நிற்கும் சியூ ஜெட்டி வீடுகளுக்கு அருகில் வளர்ந்தவள். இருவரும் வாரக் கடைசியில் பட்டர்வொர்த் ஃபெரியில் போவதும் வருவதுமாக இருந்தோம். கம்பிப்பிடி எப்படி ஆடுகிறது, கரை விலகும்போது எது முதலில் சிறிதாகிறது, நண்பகல் கடலுக்கு என்ன நிறம் என்று பார்த்துப் பார்த்து வரைந்தோம். இன்றைய ஜார்ஜ்டவுனைப் பார்த்து 1952-ஐ வரைய முடியாது. கொம்தார் கோபுரம் அப்போது இல்லை. பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறக்கப்பட்டது. அவற்றையெல்லாம் நீக்கிவிட்டால் பின்னால் மலையும், துறைமுகத்திற்கு அருகில் விக்டோரியா அரசியார் நினைவு மணிக்கூண்டும் எஞ்சுகின்றன. அரசியாரின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க 60 அடி உயரத்தில் கட்டப்பட்டது அது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சற்றே சாய்ந்துவிட்டது. 1952-இல் கப்பலிலிருந்து இறங்கிய சிறுமி பார்த்திருக்கக்கூடிய மணிக்கூண்டும் சாய்ந்ததுதான். எனவே சாய்த்தே வரைந்திருக்கிறோம்.

கப்பல் எதுவென்று தெரியாததற்கும் ஒரு வழி கிடைத்தது. முழுக் கப்பலை எங்கேயும் காட்டுவதில்லை. எட்டு வயதுக் கண் மட்டத்தில் தெரியும் பலகை, கயிறு, கம்பி, பெரியவர்களின் கால்கள் மட்டுமே படத்தில் வரும். அவள் பார்த்ததும் அவ்வளவுதானே!

கணக்குப் போட்டுக் குறைத்தோம்

இனி ஒரு கணக்கு. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள். கையால் வரையும் படங்களில் ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு படச்சட்டங்களுக்கு நிறுத்துவது வழக்கம். அப்படியானால் விநாடிக்கு 12 ஓவியம். எங்கள் முதல் கதை 6 நிமிடம். 360 விநாடிக்கு 4,320 ஓவியங்கள். படிப்புக்கு இடையே ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து என மூவரும் வரைந்தாலும் 144 நாள். கதையை 4 நிமிடமாகக் குறைத்தால் 2,880 ஓவியங்கள், 96 நாள். இரண்டு நிமிடத்தை வெட்டினால் 48 நாள் மிச்சம். எழுதும்போதே வெட்டினால் செலவில்லை. வரைந்த பிறகு வெட்டினால் வாரக்கணக்கான உழைப்பு குப்பைக்குப் போகும்.

எதை வைப்பது, எதை விடுவது என்பதில் எங்களுக்கு உதவியது இந்திய இயக்குநர் கீதாஞ்சலி ராவின் ‘பிரின்டட் ரெயின்போ’. 2006-இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் விருதுகள் பெற்ற 15 நிமிடக் குறும்படம். படங்களை அவர் ஒருவரே வரைந்தார். பூனையோடு தனியாக வாழும் ஒரு மூதாட்டி, தீப்பெட்டிகளின் மேலுள்ள வண்ணப் படங்களுக்குள் நுழைந்து உலகம் சுற்றுகிறார். அவ்வளவுதான் கதை. சாதாரணத் தீப்பெட்டி ஒன்றே முழுப் படத்தையும் தாங்கிவிடுகிறது. எங்கள் படத்தைத் தாங்கக்கூடிய பொருள் எது என்று பாட்டியின் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். சேலை என்று முடிவு செய்தோம். பகலில் மறைப்பு, இரவில் போர்வை, இறங்கும்போது மூட்டை.

பிறகு கதைப்பலகை. ஒவ்வொரு காட்சியையும் தபால் அட்டை அளவில் வரைந்து சுவரில் ஒட்டினோம். மொத்தம் 52 அட்டைகள். அவற்றைப் புகைப்படமெடுத்து, தற்காலிக ஒலியோடு நேர அளவுப்படி அடுக்கினால் கிடைப்பது ‘அனிமேட்டிக்’. அசையாத படங்களால் ஆன முழுப் படம் என்று சொல்லலாம். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. வரைய கிரித்தாவும் அடுக்க பிளெண்டரும் போதும். இரண்டும் இலவசம். 2025-இல் ஆஸ்கார் விருது பெற்ற லாத்வியா நாட்டு ‘ஃப்ளோ’ படம் பிளெண்டரில்தான் உருவானது.

ஒரு தூளி

மூன்றாவது ஒலிப்பதிவில் சேலையைப் பற்றி இன்னும் கேட்டேன். “அதுலதான் தம்பிக்குத் தூளி கட்டியிருந்தாங்க” என்றார் பாட்டி. எங்களுக்குத் தெரிந்து பாட்டியின் தம்பி தங்கை எல்லாரும் இங்கே பிறந்தவர்கள். “எந்தத் தம்பி, பாட்டி?” என்றேன். கைக்குழந்தையாம். வழியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டது. கடலில்தான் விட்டார்கள். எழுபது ஆண்டுகளாக அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவும் அன்றுதான் கேள்விப்பட்டார்.

இதைப் படத்தில் வைக்கலாமா? “வீட்டு விஷயத்தை ஊருக்குக் காட்டாதே” என்றார் அம்மா. இதை விட்டால் படத்திற்கு உயிரே இல்லை என்றார் ஒலியைக் கவனிக்கும் எங்கள் சீனியர் அண்ணன். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் முடிவு எங்கள் இருவகை நியாயத்திற்கும் உரியதன்று. அது பாட்டியுடையது.

அனிமேட்டிக்கைக் கையடக்கக் கணினியில் போட்டுக் காட்டினோம். வண்ணம் இல்லை, அசைவு இல்லை, பென்சில் கோடுகள் மட்டும். பாட்டி இரண்டு முறை பார்த்தார். பிறகு சொன்னார்: “தூளி இருக்கட்டும். தம்பி முகத்தை மட்டும் வரையாதீங்க. எனக்கே ஞாபகம் இல்ல. நீங்க வரைஞ்சா அப்புறம் அதுதான் அவன் முகம்னு ஆயிடும்.”

அன்று மாலையே நான்கு அட்டைகளைச் சுவரிலிருந்து எடுத்தோம். இப்போது படத்தில் அந்தப் பகுதி 11 விநாடி. கப்பலோடு சேர்ந்து தூளி ஆடுகிறது. மறுநாள் காலை, தாய் அந்தச் சேலையை மடிக்கிறாள். வேறொன்றும் இல்லை. அம்மா இன்னும் முழு மனத்தோடு ஒப்பவில்லை. “பாட்டிக்குச் சரின்னா சரி” என்கிறார்.

தொடக்கக் கட்டத்தின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். எல்லாம் இன்னும் அழிப்பானால் அழிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே, கதைக்குச் சொந்தக்காரரிடம் காட்டிக் கேட்டுவிடலாம். முழுக்க வரைந்து முடித்த பிறகு கேட்டிருந்தால், உழைப்பு வீணாகுமே என்று நாங்களே பாட்டியை வற்புறுத்தியிருக்கக்கூடும்.

காத்திருக்கத் தெரிந்தவர்கள்

நம் நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படமாகக் குறிப்பிடப்படுவது ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’. நாம் பள்ளியில் படித்த அதே சருகுமான் கதைதான். ஃபிலெம் நெகாரா மலேசியா தயாரித்த அந்தப் படத்தை இயக்கியவர் ஆனந்தம் சேவியர். இந்தப் பெயரை நான் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே அறிந்தேன். படம் 1978-இல் உருவானது. மக்கள் பார்த்ததோ 1983-இல். ஐந்தாண்டுக் காத்திருப்பு! அதன் பிறகு 1984-இல் ‘சாங் கஞ்சில் டான் மோஞேட்’, 1987-இல் ‘சாங் கஞ்சில் டான் புவாயா’ என்று சருகுமான் தொடர்ந்து திரைக்கு வந்தது. உப்பின் இப்பினையும் போபோய்போயையும் பார்த்து வளர்ந்த நாம் இந்தப் பெயரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எட்டு மாதம் அதிகம் என்று தோன்றும் நாள்களில் நான் அந்த ஐந்தாண்டை நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் முதல் காட்சியை அசைக்கத் தொடங்குகிறோம். இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகள் யாருக்கேனும் இப்படியொரு படம் எடுக்கும் ஆசை இருந்தால், ஓவியம் நன்றாக வராதே என்று தயங்க வேண்டாம். கோட்டுருவம் போதும். 4 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அசைப்பதற்கு முன் அட்டைகளைச் சுவரில் ஒட்டி, கதைக்கு உரியவரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றிற்கும் முன்னதாக, இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியின் ஒலிப்பதிவை அழுத்துங்கள். மென்பொருளை அடுத்த ஆண்டும் கற்றுக்கொள்ளலாம். கப்பலில் வந்தவர்கள் இப்போது நம்மிடையே மிகச் சிலர்தான் இருக்கிறார்கள்.