பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் வரி குறைவு?

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் வீடு வாங்கும் நம்மவர்கள், வங்கி வட்டியைப் புள்ளி புள்ளியாக அலசுவார்கள். சொத்து வரி என்றால் மட்டும், “எல்லாருக்கும் ஒரு சதவீதம்தானே!” என்று தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு சதவீதம்தான். எந்த மதிப்பின் மேல் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

1970-களில் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை ஏற ஏற வரியும் எகிறியது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளியவர்கள் திணறிப்போனார்கள். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் இருவரும் முன்னின்று கொண்டுவந்த ‘முன்மொழிவு 13’, 1978 ஜூன் வாக்கெடுப்பில் அமோகமாக வென்றது. அடிப்படை வரி 1 சதவீதம். வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போது சந்தை விலைக்குப் புது மதிப்பீடு. மக்கள் ஒப்புதலோடு வெளியிட்ட பள்ளிக் கடன் பத்திரங்கள் போன்றவற்றுக்கான வரி தனி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1985-இல் ஒருவர் 1,50,000 டாலருக்கு வீடு வாங்கினார் என்று வையுங்கள். ஆண்டுதோறும் முழு 2 சதவீதம் ஏறியிருந்தாலும், 2025-இல் அதன் வரி மதிப்பு சுமார் 3,31,000 டாலர். அடிப்படை வரி 3,310 டாலர். அதே அளவு பக்கத்து வீட்டை இன்று 20 லட்சம் டாலருக்கு வாங்கியவர் 20,000 டாலர் கட்ட வேண்டும். ஒரே பள்ளிக்கூடம், ஒரே தீயணைப்பு வண்டி, ஆறு மடங்கு வரி! இது அநியாயம் என்று லாஸ் ஏஞ்சலஸ் பெண்மணி ஒருவர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1992-இல் எட்டு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள்; ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

புது வீடு வாங்கினால் வரி எகிறும் என்ற பயத்திலேயே பெரியவர்கள் பலர் வீட்டை விற்காமல் இருந்தார்கள். 2020-இல் நிறைவேறிய ‘முன்மொழிவு 19’, 55 வயது ஆனவர்கள் பழைய மதிப்பைப் புது வீட்டுக்கும் கொண்டுபோக ஏற்கெனவே இருந்த வழியை விரிவாக்கியது. அதே சட்டம், பெற்றோர் வீட்டைப் பெறும் பிள்ளைகள் அதில் குடியிருந்தால்தான் சலுகை என்றும் கிடுக்கிப்பிடி போட்டது. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கப் பழைய வரி எதற்கு? இந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

புதிதாக வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதலில் வரும் பில் பழைய உரிமையாளரின் மதிப்பிலேயே இருக்கக்கூடும். சில மாதங்கள் கழித்து, வித்தியாசத் தொகைக்குத் தனி பில் வீடு தேடி வரும். மாதத் தவணையோடு வரியையும் பிடிக்கும் வங்கிகூடப் பெரும்பாலும் அதைக் கட்டாது. நீங்கள்தான் கட்ட வேண்டும். வழக்கமான வரிக்குக் கெடு டிசம்பர் 10, ஏப்ரல் 10. தவறினால் 10 சதவீத அபராதம்.